புயலுக்கு முன் விதை நெல்லைக் காப்போம்

காவிரி டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஏராளமான வீடுகள் கூரையிழந்தன. வயலில் பயிர் அழுகி, வீட்டில் விதை நெல்லும் நனைந்து முளைத்துவிட்டால், மறுநடவுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடும்.

எனவே கோ 51, ஆடுதுறை 36 போன்ற சுமார் 110 நாள் ரகங்களில் ஏக்கருக்கு 24 கிலோ விதையைப் புரட்டாசிக்குள் தனியே ஒதுக்கி வைப்பது நலம்.

விதையைக் காலை, மாலை வெயிலில் உலர்த்த வேண்டும். உச்சி வெயில் ஆகாது. ஈரப்பதம் 13 சதவீதத்திற்கு மேல் இருக்கக்கூடாது. 100 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், ஒரு வாரத்தில் 80-க்குக் குறையாமல் முளைக்க வேண்டும். குறைந்தால் அப்போதே வேறு விதை வாங்கிவிடலாம்.

சுத்தமான சாக்கில் நிரப்பி, சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்கவும். புயல் எச்சரிக்கை வந்ததும் மூட்டையைக் காரை வீட்டின் உயரமான இடத்திற்கு மாற்றித் தார்ப்பாயால் மூடவும். மழை விட்டதும் தார்ப்பாயை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் புழுக்கத்தில் முளைப்புத்திறன் கெடும்.

விதை கையிலிருந்தால், வெள்ளம் வடிந்த உடனேயே நாற்றங்கால் விடலாம்.