நெல் வயலில் நண்பர்களையும் எண்ண வேண்டும்

நெல் வயலில் பூச்சி விழுந்தால் எவ்வளவு பூச்சி இருக்கிறது என்று பார்ப்பது விவசாயிகளுக்குப் பழக்கமான காரியம். ஆனால் அதே வயலில் அந்தப் பூச்சியைத் தின்று வாழும் சிலந்தி எத்தனை, தட்டான் எத்தனை, பொறிவண்டு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. மருந்துக் கடைக்குக் கொடுத்த பணம் செலவுக் கணக்கில் ஏறுகிறது. மருந்தே தேவைப்படாதபடி சிலந்தி செய்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

விளைநிலத்தில் வாழும் பல வகை உயிர்களையும் சேர்த்துப் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். அவை கூலி வாங்காமல் செய்து தரும் வேலைகளுக்குச் 'சூழல் சேவைகள்' என்று பெயர். பூச்சியைக் கட்டுப்படுத்துவது, மகரந்தம் சேர்ப்பது, சருகை மக்கச் செய்து உரமாக்குவது எல்லாம் இதில் அடங்கும். இவற்றை எப்படி அளப்பது, அளந்து என்ன பயன் என்ற கேள்விகள் இன்று உலகெங்கும் எழுந்துள்ளன. இதற்கு நெல் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கக் கூடிய விடை இந்தோனேஷியாவில் கிடைத்திருக்கிறது. அங்கே வயலில் எடுத்த கணக்கு, ஓர் அரசாங்கத்தின் கொள்கையையே மாற்றியது.

இந்தோனேஷியாவில் புகையான்

இந்தோனேஷியா 1970களில் வெளிநாடுகளிலிருந்து பெருமளவு அரிசி வாங்கி வந்த நாடு. உற்பத்தியைப் பெருக்க அரசு குட்டை ரக நெல், ரசாயன உரம், பூச்சி மருந்து ஆகிய மூன்றையும் மானிய விலையில் வழங்கியது. பூச்சி மருந்தின் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசே ஏற்ற காலமும் உண்டு. இதற்காக ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று.

மருந்து மலிவாகக் கிடைத்ததால் பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதுவரை பெரிய சேதம் செய்திராத புகையான் பெருகத் தொடங்கியது. 1976-77ல் லட்சக்கணக்கான ஹெக்டேரில் பயிர் தீய்ந்து போயிற்று. புகையானைத் தாங்கும் ரகங்கள் தரப்பட்டன. சில ஆண்டுகள் நிலைமை சீரடைந்தது. 1984ல் நாடு அரிசியில் தன்னிறைவும் அடைந்தது. ஆனால் 1985-86ல் ஜாவா தீவில் புகையான் மீண்டும் தலைதூக்கியது. அடைந்த தன்னிறைவு கை நழுவிப் போகும் நிலை ஏற்பட்டது.

மருந்து அடித்தும் பெருகியது ஏன்?

இந்தப் புதிருக்கு விடை வயலில் எண்ணிப் பார்த்தபோதுதான் கிடைத்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியல் அறிஞர் 1970களின் இறுதியில் ஆராய்ச்சி நடத்தினார். மருந்து தெளித்த வயலிலும் தெளிக்காத வயலிலும் புகையான் எவ்வளவு, அதைத் தின்னும் உயிர்கள் எவ்வளவு என்று தொடர்ந்து எண்ணப்பட்டது. மருந்து தெளிக்காத வயலில் புகையான் குறைவாகவே இருந்தது. தெளித்த வயலில் பல மடங்கு பெருகியிருந்தது.

காரணம் இதுதான். புகையான் தன் முட்டைகளை நெற்பயிரின் இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. ஆனால் தூரின் மேலும் தண்ணீரின் மேலும் ஓடித் திரியும் சிலந்திகளும், முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளும் மருந்தில் மடிந்து விடுகின்றன. ஒரு வாரத்தில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் காத்திருக்கிறது. ஒரு தலைமுறைக்குச் சுமார் 25 நாட்களே ஆவதால் அவை விரைவில் வயலை நிரப்பி விடுகின்றன.

ஓர் ஓநாய்ச் சிலந்தி நாள் ஒன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னக் கூடியது. மருந்தினால் இந்தச் சிலந்திகளை இழந்த விவசாயி, அவை செய்து வந்த வேலையைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

57 மருந்துகளுக்குத் தடை

இந்த உண்மைகளை டாக்டர் ஓகா போன்ற இந்தோனேஷிய விஞ்ஞானிகளும் வெளிநாட்டு அறிஞர்களும் அரசிடம் எடுத்துரைத்தார்கள். 1986 நவம்பரில் ஜனாதிபதி சுகார்த்தோ ஓர் உத்தரவு பிறப்பித்தார். அதன்படி 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. இயற்கை எதிரிகளைக் காக்கும் ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு நாட்டின் கொள்கையாக ஏற்கப்பட்டது. மருந்துக்கான மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 ஜனவரியில் முற்றிலும் நிறுத்தப்பட்டது.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் விழுந்து விடும் என்று அஞ்சியவர்கள் பலர். 1986ல் சுமார் 4 கோடி டன்னாக இருந்த நெல் உற்பத்தி 1990ல் சுமார் 4.5 கோடி டன் ஆயிற்று. இதற்கு ரகம், நீர், உரம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் மருந்தைக் குறைத்ததால் உற்பத்தி விழவில்லை என்பது உறுதியாயிற்று.

765 வகை உயிர்கள்

கொள்கை மாறிய பிறகும் கணக்கெடுப்பு நிற்கவில்லை. ஜாவாவின் நெல் வயல்களில் டாக்டர் வில்லியம் செட்டில் என்பவரும் இந்தோனேஷிய விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1996ல் வெளியாயிற்று. அந்த வயல்களில் பூச்சி, சிலந்தி இனத்தில் மட்டும் 765 வகைகள் இருந்தன. அவற்றைச் செய்யும் வேலையின்படி பிரித்தார்கள். மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை 306. பூச்சியின் உடலிலோ முட்டையிலோ ஒட்டுண்ணியாக வளர்ந்து அதை அழிப்பவை 187. மக்கும் பொருளையும் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்பவை 145. பயிரைத் தின்பவை 127 மட்டுமே. ஆக, ஆறு வகையில் ஐந்து வகை நெல்லைத் தொடுவதே இல்லை.

அந்த 145 வகைகள் பயிருக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை என்று தோன்றும். ஆனால் நடவு செய்த முதல் சில வாரங்களில், புகையான் வயலுக்கு வந்து பெருகும் முன்பே, சிலந்திகளுக்கு இரையாவது இந்தக் கொசு போன்ற சிறு பூச்சிகள்தான். இவற்றைத் தின்று சிலந்திகள் முன்கூட்டியே பெருகி நிற்கின்றன. பிறகு வரும் புகையான் பசியோடு காத்திருக்கும் படையிடம் சிக்குகிறது. வயலில் மக்கும் பொருள் அதிகமானால் இந்தச் சிறு பூச்சிகளும் அதிகமாகி, சிலந்திகளும் அதிகமாவதை ஆய்வு காட்டியது. தொழு உரத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் இப்படியும் ஒரு பயன் உண்டு. நட்ட சில நாட்களிலேயே தெளிக்கும் மருந்து இந்தத் தொடர்பை முதலிலேயே அறுத்து விடுகிறது.

எத்தனை வகை உயிர் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். எது எந்த வேலையைச் செய்கிறது, எந்தக் காலத்தில் செய்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் கணக்கு பயன்படும்.

விவசாயிகளே எண்ணினார்கள்

மூன்றாவது காரியம்தான் மிக முக்கியமானது. 1989 முதல் இந்தோனேஷியாவில் ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய ஸ்தாபனத்தின் உதவியுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. சுமார் 25 விவசாயிகள் ஒரு போகம் முழுவதும் வாரம் ஒரு முறை வயலில் கூடுவார்கள். குத்துகளைப் பார்த்துத் தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று எண்ணுவார்கள். பெரிய காகிதத்தில் நடுவில் நெற்பயிரையும், ஒரு பக்கம் பகைவரையும், மறு பக்கம் நண்பர்களையும் வரைவார்கள். பிறகு மருந்து தேவையா என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். எது எதைத் தின்கிறது என்பதை அறியக் கூண்டில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விட்டுக் கவனிப்பார்கள். பத்து ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் விவசாயிகள் இவ்வாறு பயிற்சி பெற்றனர்.

எண்ணுவது நின்றால் பழைய நிலை திரும்பும் என்பதற்கும் அதே நாடு சாட்சி. பிற்காலத்தில் பயிற்சிகள் குறைந்தன. மருந்து விற்பனை மீண்டும் பெருகியது. 2009 முதல் 2011 வரை ஜாவாவில் புகையான் மறுபடியும் கடுமையாகத் தாக்கியது.

தமிழ்நாட்டில் உள்ள கணக்கு

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று ஏற்கனவே தரப்பட்டுள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் புகையானுக்கு வகுத்துள்ள பொருளாதார சேதநிலை இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தெளிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு புகையான் வரும் வரை தெளிக்க வேண்டியதில்லை.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குத்தில் 20 தூர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். சிலந்தி இல்லாவிட்டால் 20 புகையானிலேயே மருந்தைத் தேட வேண்டும். ஒரு சிலந்தி இருந்தால் 40 வரை பொறுக்கலாம். அந்தக் குத்தில் ஒரு சிலந்தியின் வேலை 20 புகையானைத் தாங்கும் வேலைக்குச் சமம். சூழல் சேவையை அளப்பது என்று பெரிய வார்த்தைகளில் சொல்லப்படுவது இவ்வளவுதான்.

எண்ணும் முறை

காலை வேளையில் வயலின் குறுக்கே மூலைக்கு மூலை நடந்து, வரப்போரத்தை விட்டு உள்ளே தள்ளி 20 குத்துகளைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு குத்தையும் மெதுவாக விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரின் அடியைப் பார்க்க வேண்டும். புகையான் அங்கேதான் கூட்டமாக இருக்கும். அதே குத்திலுள்ள சிலந்தி, மிரிட் நாவாய்ப் பூச்சி, பொறிவண்டு ஆகியவற்றையும் எண்ணித் தனிப் பத்தியில் எழுத வேண்டும். மிரிட் நாவாய்ப் பூச்சி பச்சை நிறமாக இருப்பதால் அதைப் பயிரைத் தின்னும் பூச்சி என்று எண்ணிவிடக் கூடாது. தட்டானையும் ஊசித் தட்டானையும் வரப்பில் நின்றபடியே எண்ணலாம்.

வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே முறையில் எண்ணினால்தான் ஒரு வாரத்தை மறு வாரத்தோடும், ஓர் ஆண்டை மறு ஆண்டோடும் ஒப்பிட முடியும். சேதநிலையைத் தாண்டாதவரை எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதல், தண்ணீரை வடித்துப் பின் கட்டுதல், தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுதல் ஆகியவை போதும். மருந்து தெளிக்க நேர்ந்தாலும் புகையானைப் பெருகச் செய்யும் செயற்கைப் பைரித்ராய்டு வகைகளைத் தவிர்க்க வேண்டும்.

பதிவேட்டில் இடம் உண்டு

இந்தக் கணக்கு விவசாயியின் நோட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய உயிரியல் பன்மைச் சட்டப்படி உள்ளூர் மன்றங்களில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகள் எழுதப்படுகின்றன. ஊரிலுள்ள மரம், மூலிகை, நெல் ரகம், கால்நடை இனம் ஆகியவை அதில் இடம் பெறும். வயலில் வேலை செய்யும் சிலந்திக்கும் தட்டானுக்கும் தவளைக்கும் அதில் இடம் தருவது பொருத்தமே. பெயரோடு, எந்தப் போகத்தில் குத்துக்கு எத்தனை இருந்தன, எத்தனை முறை மருந்து தெளிக்கப்பட்டது என்ற விவரமும் இருந்தால் அந்தப் பதிவேடு அதிகாரிகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் உண்மையான ஆதாரமாகும்.

பூச்சி மருந்துகளால் ஏற்படும் ஆபத்தை 2030க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2022ல் மாண்ட்ரியல் நகரில் கூடிய உலக நாடுகள் இலக்கு வகுத்துள்ளன. மருந்து எத்தனை டன் விற்றது என்பதை மட்டும் பார்த்து இந்த இலக்கின் பலனை அறிய முடியாது. வயலில் எத்தனை சிலந்தி திரும்பி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைத் தலைநகரில் உட்கார்ந்து எடுக்க இயலாது. வரப்பில் இறங்கி, குத்தை விலக்கிப் பார்க்கும் விவசாயியால்தான் எடுக்க முடியும். வரும் போகத்தில் நடவு முடிந்த இரண்டாம் வாரத்திலேயே அதைத் தொடங்குவது நல்லது.