ஒவ்வொரு பிள்ளையையும் இனங்காணும் வகுப்பறை வேண்டும்

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் திட்டமும் 1993இல் இலவசச் சீருடைத் திட்டமும் அதனைத் தொடர்ந்தன. வறிய குடும்பத்துப் பிள்ளையும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளையும் ஒரே சீருடையில், ஒரே நூலை ஏந்தி, ஒரே வகுப்பில் அமர வழிவகுத்த இந்த ஏற்பாடுகள் நாட்டுக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், ஒரே சீருடை அணிந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே விதமாகவே கற்பார்கள் என எதிர்பார்ப்பது பெருந்தவறாகும். இத்தவறினால் பாதிக்கப்படும் பிள்ளை எவரிடமும் முறையிடுவதில்லை. பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருந்து, ஒரு நாள் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிடுகின்றது.

தரம் 1 வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31ஆம் திகதியன்று 5 வயது பூர்த்தியாகியிருப்பதே அனுமதிக்கான விதி. எனவே, அம்மாத இறுதியில் 5 வயதை எட்டிய பிள்ளையும், முந்திய ஆண்டு பெப்ரவரியிலேயே அதனை எட்டிவிட்ட பிள்ளையும் அருகருகே அமர்கின்றனர். இருவருக்குமிடையே ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் உண்டு. வளர்ந்தோருக்கு ஒரு வருடம் பெரிதன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது வாழ்நாளின் ஐந்திலொரு பங்காகும். பென்சிலைப் பிடிக்கும் விரல்களின் உறுதியும் ஓரிடத்தில் அமர்ந்து செவிமடுக்கும் பொறுமையும் இக்காலத்திலேயே விரைந்து வளர்கின்றன. இளைய பிள்ளையின் கோணல் எழுத்தைச் சோம்பல் எனக் கொள்வது நியாயமாகாது.

மொழியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகள் யாவரும் வீட்டில் ஒரே தமிழைப் பேசுவோரல்லர். யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகத் தோட்டத்துப் பேச்சும் வெவ்வேறானவை. ‘உம்மா’, ‘வாப்பா’ என அழைத்துப் பழகிய முஸ்லிம் பிள்ளை, ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்களைக் கொண்டே எழுத்துப் பழகுகின்றது. வீட்டுப் பேச்சைப் பிழையெனக் கேலி செய்யும் வகுப்பறையில் பிள்ளை வாய் திறக்காது. பேசத் தயங்கும் பிள்ளை வாசிக்கவும் தயங்கும். வீட்டுப் பேச்சை ஏற்றுக்கொண்டு, அதன் வழியாகவே நூல்மொழிக்கு இட்டுச் செல்வது ஆசிரியரின் பணியாகும்.

வேறு சில பிள்ளைகளின் பின்னடைவுக்கு உடற்காரணங்கள் இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தவறும் பிள்ளைக்குப் பார்வைக் குறைபாடும், அழைத்தால் திரும்பாத பிள்ளைக்குச் செவிப்புலக் குறைபாடும் காரணமாகலாம். தரம் 1, 4, 7, 10 மாணவருக்கென நடத்தப்படும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இவற்றைக் கண்டறியவே ஏற்பட்டது. அதன் முடிவு வகுப்பாசிரியரைச் சென்றடைந்து, பிள்ளை முன்வரிசையில் அமர்த்தப்பட்டு, மூக்குக்கண்ணாடி கைக்கு வரும் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டாலே பரிசோதனையால் பயன் உண்டு. மறுபுறம், கதையைக் கேட்டுத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, அதே கதையை நூலில் வாசிக்க இயலாது திணறுவதும் உண்டு. இது வாசிப்பு இடர்பாடாக இருக்கக்கூடும், அறிவுக் குறைவன்று. அத்தகைய பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பட்டம் சூட்டுவது, நோயறியாது மருந்து கொடுப்பதினும் கொடிது.

இவையெல்லாம் எமது கல்வித்துறை அறியாதவை அல்ல. 1999இல் நாடளாவிய ரீதியில் அறிமுகமான ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், தரம் 1இல் சேரும் பிள்ளைகளை விளையாட்டுச் செயற்பாடுகள் மூலம் இனங்காண வேண்டும் என வலியுறுத்தியது. செயற்பாட்டு வழிக் கற்றலையும் அத்தியாவசியத் தேர்ச்சிகளையும் அது முன்வைத்தது. எனினும், இனங்காணல் முதற் சில வாரங்களுடன் முடிந்துவிடுவதும், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது வகுப்பறையின் கவனம் சித்தியடையக்கூடியவர் பக்கம் திரும்பிவிடுவதும் வேதனைக்குரியவை. தகுதியுள்ள வறிய மாணவருக்கு உதவும் ஒரு பரீட்சை, ஏனையோரைக் கைவிடுவதற்கு நியாயமாகிவிடக் கூடாது.

இடைநிலை வகுப்புகளில் தேவைகள் மேலும் சிக்கலடைகின்றன. கட்டிளமைப் பருவத்தின் உடல், உள மாற்றங்கள் ஒருபுறம். போரில் உறவுகளை இழந்த குடும்பத்தின் துயரும், தாய் மத்திய கிழக்கில் பணிபுரிவதால் ஏற்படும் தனிமையும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி பல வீடுகளில் விட்டுச் சென்ற வறுமையும் மறுபுறம். திடீரென முரண்டுபிடிக்கும் அல்லது மௌனமாகிவிடும் மாணவனைப் பிரம்பினால் திருத்த முற்படுவோர், உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்திருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டப்படலாகாது என்கின்றது. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. ஆயினும், பிள்ளையைப் பாடசாலைக்குள் கொண்டுவருவதோடு சட்டத்தின் கை நின்றுவிடுகின்றது. அதன் பின்னர் பிள்ளை உண்மையிலேயே கற்கின்றதா என்பதை உறுதிசெய்ய வேண்டியது வகுப்பறையே.

பிள்ளை தனித்துச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட எல்லையிலேயே கற்பித்தல் நிகழவேண்டும் என்பது ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கியின் கருத்து. அவ்வெல்லை ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் அதனைக் கண்டறிவது கடினம் என ஆசிரியர் கூறுவதில் நியாயமுண்டு. ஆகவே பொறுப்பனைத்தையும் அவர் தலையில் சுமத்திவிட முடியாது. வன்னியிலும் மலையகத்திலும் நிலவும் ஆசிரியர் பற்றாக்குறை நீக்கப்பட வேண்டும். விசேட கல்விப் பயிற்சி பெற்றோரின் ஆலோசனை சாதாரண வகுப்பாசிரியருக்கும் கிடைக்க வலயக் கல்விப் பணிமனைகள் வழிசெய்ய வேண்டும். இனங்காணற் குறிப்புகள் அடுத்த ஆண்டின் ஆசிரியருக்குக் கையளிக்கப்பட வேண்டும். பெற்றோரும் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளுடன் தமது பிள்ளையை ஒப்பிடுவதைக் கைவிட்டு, தாம் அறிந்தவற்றை ஆசிரியரிடம் தயங்காது தெரிவிக்க வேண்டும்.

ஒரு பாடசாலையின் பெருமையைப் புலமைப்பரிசில் சித்தியாளரின் எண்ணிக்கை கொண்டு மட்டும் அளவிடும் வழக்கம் மாறவேண்டும். பின்வரிசைப் பிள்ளை கடந்த தவணையைவிட இத்தவணையில் எவ்வளவு முன்னேறியுள்ளது என்ற வினாவையும் அதிபர்களும் பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் எழுப்பவேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.