எல்லையோர அடுக்களை – 9: கருப்பட்டியும் சர்க்கரைதான்

ஐப்பசி மழை வலுத்துவிட்டால் களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலைகளின் மேல் தார்ப்பாய் ஏறிவிடும். போன வாரம் நான் போனபோது மட்டியும் பாளையங்கோட்டனும் செந்துளுவனும் அதன் கீழே பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு வேண்டியது அவை இல்லை. குலையிலிருந்து உதிர்ந்து, தோல் முக்கால்வாசி கறுத்து, ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்த ஏத்தம்பழம். "அது கறுத்துப் போச்சே அக்கா, நல்லதா எடுத்துத் தாரேன்" என்றார் கடைக்காரர். கேக் செய்யப் போகிறேன் என்றதும் இரண்டு பழம் கூடுதலாகவே போட்டுத் தந்தார்.

ஏத்தங்காய் பச்சையாக இருக்கும்போது அதில் பெரும்பகுதி மாவு. அதனால்தான் உப்பேரிக்குக் காயைச் சீவுகிறோம். பழுக்கப் பழுக்க அந்த மாவு சர்க்கரையாக மாறிக்கொண்டே வரும். தோல் கறுத்துத் தளர்ந்த பழத்தில் இனிப்பும் மணமும் உச்சத்தில் இருக்கும். சீனியைக் குறைத்து அடுமனைப் பண்டம் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சந்தையில் யாரும் தொடாத அந்தப் பழம்தான் முதல் சரக்கு.

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள் நம் முன்னோர். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் பூசணியும் ஆப்பிளும் அறுவடையாகி, பட்டைத்தூள் மணக்க அடுப்புக்குள் போகும். இங்கே தீபாவளிக்கு முந்திரிக்கொத்து, கார்த்திகைக்குத் திரளிக் கொழுக்கட்டை, டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு கேக். எல்லையோரக்காரர்களான நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்து வட்டயப்பத்துக்கும் நம்முடையதற்கும் செக்போஸ்ட் ஒன்றும் வேறுபாடு உண்டாக்கிவிடவில்லை. சர்க்கரை நோயும் அப்படித்தான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நமக்கு அடுத்த வீடான கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம், அதாவது நாலில் ஒருவர். என் அம்மா அந்த நாலில் ஒருவர் வகை.

இந்த அத்தியாயம் எழுதக் காரணமும் அம்மாதான். போன வருடம் உறவினர் ஒருவர் ஒரு பேக்கரியில் இருந்து கருப்பட்டி கேக் வாங்கி வந்தார். பெட்டியில் 'சுகர் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர். அம்மாவுக்குப் பிள்ளைகளைப் போல் சந்தோஷம். மூன்று நாளில் பாதி கேக்கை அவரே தின்றுவிட்டார். நான்காம் நாள் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தபோது வந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. அந்தக் கடைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கருப்பட்டி சர்க்கரை இல்லை என்று அவரும் நம்பியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம்.

நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி 100 கிராமுக்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று போடவே கூடாது. கருப்பட்டி என்பது அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சி இறுக்கியது. அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். கொஞ்சம் தாதுக்களும், ஒப்பில்லாத ஒரு மணமும் கூட உண்டு, அவ்வளவுதான். போதாததற்குக் காய்ச்சும்போதே வெள்ளைச் சீனியைக் கலந்து இறக்குவதும் நடக்கிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. மையத்திலிருந்து பரவிய தேனீ வளர்ப்பால் நம் பக்கத்தில் தேனுக்குக் குறைவில்லை. 'தேன் ஊற்றினால் பரவாயில்லையே' என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டலில் தேனும் சீனியும் ஒரே கணக்குத்தான். சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், 25 கிராம் என்று கணக்கு வரும்.

ஆகவே கருப்பட்டியை நான் இனிப்புக்காகச் சேர்ப்பதை விட்டுவிட்டேன். மணத்துக்காகச் சேர்க்கிறேன். ஏலத்தையும் சுக்கையும் எப்படி அளந்து போடுகிறோமோ, அப்படி.

இந்த முடிவுக்கு வருவதற்குள் மூன்று கேக் பாழாயிற்று. முதல் தடவை, பழைய செய்முறையில் இருந்த சீனியைப் பாதியாக்கினேன், வேறெதையும் மாற்றவில்லை. அடுப்பிலிருந்து எடுத்ததும் வெளிறிப்போய், கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. சீனியின் வேலை இனிப்பது மட்டும் என்று நினைத்திருந்தேன். அது மாவுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மாவு இறுகுவதைத் தாமதப்படுத்தி, கேக் எழும்ப நேரம் தருகிறது. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே சிக்க வைப்பதும், மேலே பொன்நிறம் கொடுப்பதும் அதுவே. நாலில் ஒரு பங்கை எடுத்தால் கேக் கண்டுகொள்ளாது. பாதியை எடுத்தால் அந்த வேலைகளுக்கெல்லாம் வேறு ஆள் போட வேண்டும். அந்த ஆள்தான் மசித்த ஏத்தம்பழம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், நார்ச்சத்தும் உண்டு, தன் இனிப்போடு வரும். நிறத்துக்குக் கருப்பட்டி. காற்றுக்குச் சோடாவும் முட்டையும்.

இப்போது வீட்டில் வழக்கமாகிவிட்ட அளவு இது. தோலுரித்த பழம் 250 கிராம், இரண்டு பெரிய பழம் சரியாக இருக்கும். கோதுமை மாவு 150 கிராம். கருப்பட்டி 60 கிராம். தேங்காயெண்ணெய் 60 மில்லி, கெட்டித் தயிர் 100 மில்லி, முட்டை இரண்டு. சமையல் சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சுக்கு, ஏலம், இரண்டே இரண்டு கிராம்பு. கிராம்பு நம் மலைக் கிராம்பாக இருந்தால் மூன்றாவது வேண்டாம், அத்தனை எண்ணெய் அதில்.

கருப்பட்டியைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் மண்ணும் பனந்தும்பும் தங்குவதைப் பார்த்தால் இந்த வேலையை யாரும் விடமாட்டார்கள். பாகு கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறட்டும். அவசரப்பட்டுச் சூடாகவே ஊற்றி, முட்டை வெந்து திரிந்துபோனதுதான் என் இரண்டாவது தோல்வி. மூன்றாவது, தயிர் சேர்க்காததால் வந்தது. வெளிநாட்டுச் செய்முறைகளில் கரும்புப் பாகின் புளிப்பை நம்பிச் சோடா போடுவார்கள். நம் அக்கானி சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது, அந்தப் புளிப்பைக் கருப்பட்டியில் எதிர்பார்க்க முடியாது. புளிப்பில்லாமல் சோடா சரியாக வேலை செய்யாது. கேக் தட்டையாகி, சோப்பு வாடை அடித்தது. தயிர் வந்ததும் அது சரியாயிற்று.

ஈரமானவற்றை ஒரு பாத்திரத்திலும் உலர்ந்தவற்றை இன்னொன்றிலும் கலந்து, கடைசியில் இரண்டையும் மரக்கரண்டியால் மடக்கி மடக்கிச் சேர்க்க வேண்டும். மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் கிளறினால் கோதுமையின் பசை இழுத்துக்கொண்டு ரப்பர் ஷீட் போல ஆகிவிடும். அவனில் 170 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். அவன் இல்லாதவர்கள் கனத்த அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிட்டு, தாங்கி வைத்து, அதன் மேல் கேக் பாத்திரத்தை இறக்கலாம். மேல் சிவப்பு அவ்வளவு வராது. உள்ளே வேகும் விதத்தில் குறை இல்லை.

இதைப் பன்னிரண்டு துண்டாக்கினால் ஒரு துண்டுக்குக் கருப்பட்டி 5 கிராம். மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கும் சம எடையில் போடும் பழைய பவுண்ட் கேக்கில், ஒவ்வொன்றும் 150 கிராம் என்றால், அதே துண்டில் சீனி 12 கிராமுக்கு மேல் போகும். ஆனாலும் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழத்தையும் மாவையும் சேர்த்துக் கணக்கிட்டால் என் துண்டு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. சுகர் உள்ளவர்கள் அதை இட்லியோடும் சோறோடும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். இது மருந்து இல்லை, குறைந்த சர்க்கரையில் ஒரு பண்டம்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் இதே சங்கதி. வேகவைத்ததைவிட நிதானமான சூட்டில் சுட்டது அதிகம் இனிக்கும். வேகும் வழியில் கிழங்கின் மாவு மால்டோஸ் என்ற சர்க்கரையாகிறது, மெல்லச் சூடேறினால் அதற்கு அவகாசம் கூடுதல். ஒரு சீனித்துகள் சேர்க்காமலே இனித்தாலும், இரத்தத்துக்கு அது சர்க்கரைதான். அம்மாவுக்கு அவித்தே கொடுக்கிறேன்.

நாக்கை ஏமாற்றாமல் திருப்திப்படுத்த ஒரு வழி மிச்சமிருந்தது. அதைக் கார்த்திகைதான் காட்டித் தந்தது. திரளி இலை பட்டை மரத்தின் நெருங்கிய சொந்தம். கொழுக்கட்டை மாவை அதற்குள் பொதிந்து அவிக்கும்போது வரும் மணம் இனிப்பைத் தூக்கிக் காட்டும். ஏலம், பட்டை போன்ற மணங்களை நாம் இனிப்போடு சேர்த்தே பழகியிருப்பதால், மணம் வந்தாலே நாக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது. அப்படியானால் கேக்கில் ஏன் கூடாது என்று தோன்றியது. கேக் பாத்திரத்தின் அடியில் பட்டர் பேப்பருக்குப் பதில் எண்ணெய் தடவிய திரளி இலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஓரம் படும்படி அடுக்கி, அதன்மேல் மாவை ஊற்றினேன். வெந்து கவிழ்த்தபோது இலை நரம்பெல்லாம் கேக்கின் மேல் வரிவரியாகப் பதிந்திருந்தது. வீடு முழுக்கக் கார்த்திகை மணம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு துண்டு வைத்தேன். முதல் கடியில், "இனிப்பு காணாதே மக்களே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டியிருந்த இலையை உரித்து மோந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் தின்று முடித்து, தட்டில் விழுந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து, நான் கேட்காமலே, விரலை நீட்டினார்.

அடுத்த வாரம்: வட்டயப்பத்தைப் பொங்க வைக்கும் கள்ளும், அதற்குப் பதில் வந்த ஈஸ்ட்டும்.