அமெரிக்க மாப்பிள்ளையா? நிக்காஹ்வுக்கு முன்பே விசாவை விசாரியுங்கள்

மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார் என்றதும் அவருடைய மார்க்கப்பற்று, குடும்பம், படிப்பு, சம்பளம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். அங்கே அவர் எந்த அனுமதியில் தங்கியிருக்கிறார் என்பதைக் கேட்கப் பலரும் தயங்குகிறோம். நிக்காஹ்வும் வலீமாவும் முடிந்து, விடுப்பும் தீர்ந்து மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகுதான் "பெண் எப்போது போவாள்?" என்ற பேச்சு எழுகிறது. இதற்கான பதிலில் பெரும்பகுதி நிக்காஹ் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த விசாரணை முன்கூட்டியே நடக்க வேண்டும் என்கிறோம்.

மூன்று வகை மாப்பிள்ளைகள்

முதல் வகை, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இவருடைய மனைவிக்கான குடியேற்ற விசாவுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. மனுவைப் பரிசீலிக்க ஆகும் காலம் மட்டுமே காத்திருப்பு.

இரண்டாம் வகை, கிரீன் கார்டு வைத்திருப்பவர். இவருடைய மனைவி 'எஃப் 2ஏ' என்ற பிரிவில் வருவார். இதற்கு ஆண்டு வரம்பு உண்டு. மனு கொடுத்த தேதியே வரிசை எண் போன்றது. அந்தத் தேதிக்கு முறை வந்துவிட்டதா என்பதை அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் பார்க்கலாம். இடையில் கணவர் குடியுரிமை பெற்றால் மனைவி முதல் வகைக்கு மாறிவிடுவார். ஆனால் பிள்ளைகள் இருந்தால், அப்போது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு தேவைப்படும்.

மூன்றாம் வகை, எச்-1பி வேலை விசாவில் இருப்பவர். மனைவி எச்-4 விசாவில் சீக்கிரமே போய்ச் சேரலாம். ஆனால் போனவுடன் வேலை செய்ய முடியாது. கணவருக்காக அவருடைய நிறுவனம் கொடுத்த ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகே எச்-4 மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது பொதுவான விதி. படித்த பெண்ணுக்கு இது சிறிய விஷயமல்ல.

வேலை வழியாகக் கிரீன் கார்டு பெறுபவருக்கு நிக்காஹ் தேதி மிக முக்கியம். கார்டு கைக்கு வருவதற்கு முன்பே திருமணம் நடந்திருந்தால், மனைவி அவரைத் தொடர்ந்து அதே பிரிவில் வரலாம். கார்டு வந்த பிறகு நடந்தால், எஃப் 2ஏ வரிசையில் புதிதாக நிற்க வேண்டும்.

ஜமாஅத் தப்தர் மட்டும் போதாது

பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டால் நிக்காஹ் நிறைவேறிவிடுகிறது. ஆனால் விசா அதிகாரி கேட்பது அரசு பதிவுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியலோடு எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் விரிவாக இருக்கும். முஹம்மது, மொகமது, மொஹமத் என்று ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் மூன்றிலும் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே சரிபாருங்கள்.

இருவரில் யாருக்காவது இது மறுமணம் என்றால், முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கான ஆவணம் வேண்டும். ஜமாஅத் கடிதத்தை மட்டும் நம்பாமல் நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு. முதல் மனைவி இருக்கும்போது செய்த இரண்டாம் திருமணத்தை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை.

வீடியோ வழி நிக்காஹ்

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காததால் வீடியோ அழைப்பிலோ வக்கீல் வைத்தோ நிக்காஹ் நடத்துவது இப்போது பெருகிவருகிறது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டம் சொல்வது இதுதான்: மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் நடந்த திருமணம், அதன் பிறகு இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தினால்தான் ஏற்கப்படும். ஆகவே மாப்பிள்ளை ஊருக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த பிறகே மனு கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரை, பயணச்சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மனு முதல் நேர்காணல் வரை

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள கணவர் முதலில் ஐ-130 மனுவை அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் கொடுப்பார். அது ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே டிஎஸ்-260 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கணவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரத்தைத் தருவார். அவருடைய வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் பொதுவாக 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். போதாவிட்டால், அமெரிக்காவில் வசிக்கும் வேறொரு குடிமகனோ கிரீன் கார்டுகாரரோ கூட்டாகப் பொறுப்பேற்கலாம்.

அடுத்தது காவல்துறைச் சான்று. பெண் தன் பெற்றோருடன் சவூதியிலோ துபாயிலோ வளர்ந்தவர் என்றால், 16 வயதுக்குப் பின் எங்கெல்லாம் இருந்தார் என்பதைக் கணக்கிட்டு, அந்த நாட்டுச் சான்றும் தேவையா என்று பாருங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பரிசோதனையும் தடுப்பூசியும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு நேர்காணல் பொதுவாக மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும். கணவரைப் பற்றிய சாதாரணக் கேள்விகளே வரும். உண்மையை மட்டும் சொல்லுங்கள். பொய்த் தகவலோ போலி ஆவணமோ பிடிபட்டால் வாழ்நாள் தடைவரை போகும்.

காத்திருக்கப் பொறுமையின்றி, அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு சுற்றுலா விசா கேட்பதும் ஆபத்தான குறுக்குவழி.

இரண்டு ஆண்டு அட்டை

அமெரிக்காவில் குடியேற்ற விசாவோடு நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், மனைவிக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனை அட்டை. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனு கொடுக்க வேண்டும். மறந்தால் தங்கும் உரிமையே பறிபோகும். கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல் போன்றவை இந்த மனுவுக்குத் துணை நிற்கும்.

பெண்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்

"நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்" என்று மிரட்டப்பட்டு வாய் மூடிக் கிடக்கும் பெண்களை எண்ணித்தான் இதை எழுதுகிறோம். அந்த மிரட்டல் முழு உண்மையல்ல. உண்மையாகச் செய்துகொண்ட திருமணம் முறிந்துபோனாலோ, கொடுமை நடந்தாலோ, நிபந்தனையை நீக்கும் மனுவை மனைவி தனியாகவே கொடுக்கலாம். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள கணவர் கொடுமைப்படுத்தினால், அவருக்குத் தெரியாமலே மனைவி தனக்காக மனுச் செய்யவும் சட்டத்தில் வழி உண்டு. ஐ-864 பத்திரத்தில் கணவர் ஏற்ற பொறுப்பு மணமுறிவால் மட்டும் முடிந்துவிடாது. உடனடி ஆபத்துக்கு 911, குடும்ப வன்முறைக்கு 800-799-7233 என்ற எண்கள் உள்ளன.

பாஸ்போர்ட், கிரீன் கார்டு, திருமணச் சான்றிதழ் ஆகியவை பெண்ணிடமே இருக்கட்டும். நகல்கள் தாய்வீட்டிலும் இருக்கட்டும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் அரசு இணையதளத்தைப் பாருங்கள். சிக்கலான நிலையில் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞரை அணுகுங்கள்.

மஹரைப் பேசும் அதே சபையில், "உங்கள் விசா என்ன? மனைவியை எப்போது, எந்த வழியில் அழைப்பீர்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நேர்மையான மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.