தொட்டி இருந்த இடத்தில் ஓர் அறை

லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில், சிலேட் கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்ட் ஒரு காலத்தில் மனிதர் புழங்கும் இடமல்ல. 1980களில் இலங்கையிலிருந்து வந்து, பாடுபட்டு இந்த வீடுகளை வாங்கிய தமிழர்கள் அங்கே கண்டது குளிர்நீர்த் தொட்டியும் தூசியும்தான். அவர்களும் பயணப் பெட்டிகளை அங்கேயே ஏற்றினார்கள். ஏணி வைத்து ஏறி, மரச்சட்டங்கள் மேல் மட்டும் கால்வைத்து நடக்க வேண்டும். தவறி நடுவில் மிதித்தால் கீழறையின் கூரைப்பூச்சு பெயர்ந்து விழும்.

பிறகு, குழாய் நீரை நேரடியாகச் சூடாக்கும் காம்பி பாய்லர் வந்து தொட்டியின் தேவையைப் போக்கியது. வீட்டு விலை ஏற ஏற, பெரிய வீட்டுக்கு மாறுவதைவிட மேலே ஓர் அறை எடுப்பது பலருக்குக் கட்டுபடியானது.

இன்று லண்டனின் ஈஸ்ட் ஹாமில் பல வீடுகளின் பின்பக்கக் கூரையில், சரிவிலிருந்து வெளியே நீண்ட டார்மர் அறைகள் எழுந்து நிற்கின்றன. முன்பக்கம் பழைய சரிவு அப்படியே இருக்கும். விதி அப்படி. வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரை தனித் திட்ட அனுமதியின்றிக் கூட்டலாம். தெருப் பக்கச் சரிவைத் தாண்டி நீட்டவோ, முகட்டை உயர்த்தவோ கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. புது அறையைத் தாங்கும் இரும்பு உத்திரத்தைப் பொதுச்சுவரில் பதிக்க வேண்டுமானால், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இத்தனையும் விசாரிப்பவர்கள்கூடப் படிக்கட்டைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். வரைபடத்தில் முதலில் விழ வேண்டிய கோடு படிக்கட்டினுடையது. ஏணி இருந்த இடத்தில் நிரந்தரப் படி வரும்போது அது கீழ்மாடியில் இடம் கேட்கும். பெரும்பாலும் சின்னப் படுக்கையறையின் ஒரு மூலை போகும். படிக்கு மேல் பொதுவாக இரண்டு மீட்டர் தலையுயரம் வேண்டும். சரிவுக் கூரையில் அது எளிதில் கிடைக்காது.

அதோடு, இரண்டு மாடி வீடு மூன்று மாடியாகிறது. மேலே தூங்கும் பிள்ளை தீயில் சிக்காமல் வாசல்வரை இறங்கி வர வேண்டும். அதற்காகப் படிக்கட்டை ஒட்டிய அறைகளுக்குத் தீ தாங்கும் கதவுகள், ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகள். முன்பு வரவேற்பறையைப் பெரிதாக்க நடைவழிச் சுவரை இடித்தவர்கள் அதைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கலாம். இல்லையேல் தீயணைப்புத் தெளிப்பான்கள் போன்ற மாற்று ஏற்பாட்டுக்குக் கட்டட ஆய்வாளரின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்பந்தக்காரர் தரும் முதல் மதிப்பீட்டிலேயே இந்தச் செலவு இருக்கிறதா என்று கேளுங்கள்.