டீசல் காய்ச்சும் சுண்ணாம்பு

முட்டை ஓட்டிலிருந்து டீசல் எடுக்கிறார்களாமே என்று நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டீசல் ஓட்டிலிருந்து வருவதில்லை, எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ஓடு வினையூக்கி. ஆனால் அது செய்யும் வேலை பெரிது.

தாவர எண்ணெயும் மெத்தனாலும் வினைபுரிந்து பயோடீசலும் கிளிசரினும் ஆக, பெரும்பாலான ஆலைகள் காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கரைத்து ஊற்றுகின்றன. வினை சீக்கிரம் முடிந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகு. கரைந்த காரம் திரும்பக் கிடைக்காது. டீசலைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், அலசிய நீரும் கழிவு. கிளிசரினிலும் உப்பு ஏறிவிடும். கரையாத திட வினையூக்கியை வடிகட்டி மறுபடி போடலாம். பிரான்சின் செத் துறைமுகத்தில் 2006இல் தொடங்கிய ஆலை, துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ஆக்சைடை வைத்து இதைத் தொழிலாகவே நடத்திக் காட்டியது.

திட வினையூக்கிகளில் எனக்குப் பிடித்தது சுண்ணாம்பு. முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். 900 டிகிரி அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கிளிஞ்சல் சூளைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான். சுட்ட சுண்ணாம்புக்குக் காற்றுதான் ஆகாது. மூட மறந்த டப்பியில் என் பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு இறுகிப்போவதைப் போல, இதுவும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டு வீரியம் இழக்கும்.

விந்தை இனிமேல்தான். வினையில் பிறக்கும் கிளிசரின் சும்மா இருப்பதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கிளிசராக்சைடு என்ற புதுப் பொருளாகிறது. வினையூக்கி கெட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். சோயா எண்ணெயில் சோதித்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டது வேறு: அந்தப் புதுப் பொருளும் வினையை நடத்துகிறது, காற்றுக்கும் அசைவதில்லை! குறையும் உண்டு. கொஞ்சம் கால்சியம் டீசலில் கரைந்து வரும், அதை நீக்கியாக வேண்டும்.

பயோடீசலுக்கு நல்ல சமையல் எண்ணெயைச் செலவிடுவதை நான் ஏற்கமாட்டேன். நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பொரித்துக் கறுத்த எண்ணெய்தான் இதற்கு உரியது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணெய் சாக்கடைக்குப் போகிறது, அல்லது இன்னொரு வாணலிக்கு. குழந்தைகள் தின்னும் பஜ்ஜி அதில் வேகிறது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த எண்ணெயில் அமிலம் கூடுதல். நேரே சுண்ணாம்பைப் போட்டால் சோப்பாகிவிடும். முதலில் அமில வினையூக்கியால் அதைக் குறைத்துவிட்டு, பிறகுதான் சுண்ணாம்பு. ஈரம் பட்டுக் கிடந்தால் அமிலம் இன்னும் ஏறும். ஆகவே கடை கடையாக, மூடிய கேன்களில், தேங்கவிடாமல் எடுக்க ஆள் வேண்டும். உள்ளாட்சிகள் குப்பை வண்டியோடு இதையும் சேர்த்தாலே போதும்.