ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகளா?

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ் மேலே ஏற வேண்டும். தலை சுற்றும்தான். ஆனால் மேலே போனதும் குளிர்ந்த காற்று, மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், பலா, வாழை, சாமை, கேழ்வரகு என்று கண்ணுக்கு விருந்து காத்திருக்கும்.

சாமையும் கேழ்வரகும் விளைகிற ஊரில் எலி இல்லாமல் இருக்குமா? எலி இருக்கிற ஊரில் சாரைப்பாம்பு இல்லாமல் இருக்குமா? தானியம் எங்கே சேர்கிறதோ அங்கே எலி போகும். எலியைத் தேடிச் சாரை வரும். இது மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான கணக்கு.

வயல்வெளியில் சில சமயம் ஓர் அதிசயக் காட்சி தென்படும. இரண்டு பாம்புகள் கயிறு முறுக்கினாற்போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, உடலின் முன்பாதியைத் தூக்கி நின்று ஆடும். “சாரையும் நாகமும் பிணைகின்றன” என்பார்கள் பெரியவர்கள். சாரை ஆண், நாகம் பெண் என்பது பழைய நம்பிக்கை. அவற்றின்மேல் புதுத் துணியை வீசி எடுத்து வைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் என்று நம்பியவர்களும் உண்டு.

உண்மை என்ன? அங்கே நாகமும் இல்லை, காதலும் இல்லை! இரண்டுமே சாரைகள்; இரண்டுமே ஆண்கள். நடப்பது மல்யுத்தம். எது மற்றதன் தலையைத் தரையில் அழுத்துகிறதோ அது வென்றது. பெரும்பாலும் கடி கிடையாது, காயம் கிடையாது. தோற்ற பாம்பு விலகிப் போய்விடும். அவ்வளவுதான்.

‘விலகிப் போய்விடும்’ என்ற சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கட்டுரையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சாரையின் அமெரிக்க உறவினர்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் ‘கார்ன் பாம்பு’ என்று ஒரு பாம்பு உண்டு. சோளப்பாம்பு என்று வைத்துக்கொள்வோமே! இதுவும் நம் சாரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். விஷமில்லாதது. செம்மஞ்சள் உடலில் சிவந்த திட்டுகளுடன் அழகாக இருக்கும். மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடி வருவதால் இந்தப் பெயர் வந்தது என்பர் சிலர். வயிற்றில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பலநிறச் சோளமணிகளைப் போல் இருப்பதால் வந்தது என்பர் வேறு சிலர்.

சாதுவான இந்தப் பாம்பை உலகின் பல நாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் ஒரு சந்தேகம் வரும்: “பாவம், தனியாக இருக்கிறதே! ஒரு துணை சேர்த்தால் என்ன?”

சேர்த்தும் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு படுத்துக் கிடக்கும். “ஆகா, என்ன சிநேகம்!” என்று மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் அது சிநேகம்தானா?

நெருக்கம் வேறு, நட்பு வேறு

பாம்பு நம்மைப் போல் உடலுக்குள்ளேயே வேண்டிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. இரை செரிக்க வேண்டுமானால் வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் சோளப்பாம்பின் பெட்டியில் ஒரு முனையைச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், மறு முனையைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் வைக்கிறார்கள். பெட்டியில் வெதுவெதுப்பான மறைவிடம் ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டு பாம்புகளும் அங்கேதான் போகும். மழைக்கு ஒரே கூரையின் கீழ் ஒதுங்கிய இருவர் ஒட்டி நிற்பதால் நண்பர்கள் ஆகிவிடுவார்களா? சில சமயம் வலிய பாம்பு நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள, எளிய பாம்பு குளிர்ந்த மூலையிலேயே கிடந்து, இரை எடுக்காமல் மெலியும்.

ஆபத்து இத்தோடு நிற்பதில்லை. ஒரே எலியை இரண்டு பாம்புகளும் இரு முனைகளில் கவ்விவிட்டால் என்ன ஆகும்? விழுங்கத் தொடங்கிய பாம்பு எளிதில் நிறுத்தாது. எலியோடு எதிரே இருக்கும் பாம்பும் உள்ளே போகலாம். இரை இல்லாமலே ஒரு சோளப்பாம்பு இன்னொன்றை விழுங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. முடிவில் இரண்டுமே இறந்துபோகலாம்.

அடுத்தது நோய். பெட்டியில் பாம்பு கக்கிய இரை கிடக்கிறது. கக்கியது எது? இரண்டு இருந்தால் எப்படித் தெரியும்? நோயுள்ளதைக் கண்டுபிடிப்பதற்குள் உண்ணியும் குடல்கிருமியும் மற்றதற்கும் பரவிவிடும். ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக இருந்துவிட்டாலோ, முழு வளர்ச்சி அடையாத பெண் பாம்பு கருவுற்று, முட்டையிட முடியாமல் மடியவும் கூடும்.

இப்போது வயல்வெளி மல்யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். தோற்ற சாரைக்கு மலை முழுவதும் திறந்து கிடக்கிறது. பெட்டியில் தோற்ற பாம்புக்கு எங்கே வழி? ஆகவே அனுபவமுள்ளவர்கள் சொல்லும் விதி இதுதான்: ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும், வளர்ந்த ஆணையும் பெண்ணையும் கண்காணிப்போடு சிறிது நேரம் சேர்க்கலாம்.

பாம்புகளுக்குத் தோழமையே இல்லையா?

“கூட்டமாக வாழும் பாம்புகளே கிடையாதா?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. கனடா நாட்டின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்னும் இடத்தில், சுண்ணாம்புக்கல் குழிகளில் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தை ஒன்றாகக் கழிக்கின்றன. உறைபனி எட்டாத ஆழம் அந்தக் குழிகளில்தான் கிடைக்கிறது. அப்படியானால் இதுவும் இடத்தைத் தேடி வந்த கூட்டம்தானே?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கனடாவிலேயே இரு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தனர். முடிவு 2020இல் வெளியாயிற்று. 40 இளம் கார்ட்டர் பாம்புகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பல மறைவிடங்கள் உள்ள இடத்தில் விட்டனர். அவை சேர்ந்த பிறகு, வேண்டுமென்றே இடம் மாற்றிக் கலைத்தனர். ஆனாலும் பாம்புகள் பழைய கூட்டாளிகளிடமே திரும்பத் திரும்பச் சென்றன! ஆக, கார்ட்டர் பாம்புக்கு ஓரளவு தோழமை உண்டு. ஆனால் அதை வைத்துச் சோளப்பாம்புக்கும் உண்டு என்று சொல்லிவிட முடியாது. மானைப் பார்த்துப் புலியின் உணவை முடிவு செய்யலாமா?

நீங்களும் செய்து பாருங்கள்

இதே முறையில் நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பாம்பை வைத்து அல்ல, மரவட்டையை வைத்து! ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பாதியில் ஈரச் சருகும், மறு பாதியில் உலர்ந்த சருகும் இடுங்கள். ஏழெட்டு மரவட்டைகளை இலையால் மெல்ல எடுத்து நடுவில் விடுங்கள். அரைமணி கழித்து எண்ணுங்கள். மறுநாள் இரு பாதியிலும் ஈரச் சருகை இட்டு மீண்டும் எண்ணுங்கள். முதல் நாள் ஈரப் பக்கத்தில் கூடியவை, இன்று பரவலாகச் சிதறினால், அவற்றைக் கூட்டியது ஈரம்தான். இன்றும் ஓரிடத்திலேயே கூடினால் வேறு காரணம் இருக்கலாம். பலமுறை செய்து குறித்து வையுங்கள். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாரையோ வேறு நம் நாட்டுப் பாம்போ, பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாரை என்று நினைத்துத் தொட்டது நாகமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த முறை வயலில் இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு நிற்கக் கண்டால் கல்லை எடுக்காதீர்கள். தள்ளி நின்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஒன்று ஒரு திசையில் போகும். மற்றது வேறு திசையில் போகும். இரண்டும் தத்தம் வழியில் எலி பிடிக்கப் போகின்றன. நம் சாமையைக் காப்பாற்ற அவற்றுக்குத் துணை தேவையில்லை. போக வழி இருந்தால் போதும்.